காற்று இறங்கிய லாரி

இத்தலைப்பைக் கண்ணுறும் அன்பர்கள், தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு லாரியோடு யாது தொடர்பு என வினவுதல் கூடும். சென்ற ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதியில் எம் வகுப்புத் தோழர் உவமைகளைக் குறித்தும் மருத நிலத்தைக் குறித்தும் எழுதினர். யாமும் அவ்வழியே ஒன்று எழுதக் கருதிக் குறிப்புகள் தொகுத்து வைத்திருந்தோம். அக்குறிப்புகள் இன்னும் விடுதி மேசைமேற் கிடக்கின்றன. கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையை அடுத்த செங்கம் சாலையின் ஓரத்திலே, எம் தந்தையாரின் லாரிக்கு அருகில் நின்றபோது எமக்குப் புலப்பட்ட ஒன்று, வேறெதனையும் எழுத விடாது எம்மைத் தடுத்துக்கொண்டே இருத்தலின், அதனை எழுதி முடித்த பின்னர் உவமைகளுக்குத் திரும்பலாம் எனத் துணிந்தோம். தந்தையாரின் இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம்.

பாரம் ஏற்றும் லாரியின் பிரேக்கு காற்றினால் இயங்குவது என்பதைப் பலரும் அறிவர். எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிலரே அறிவர். இஞ்சினோடு சேர்ந்து சுழலும் கம்ப்ரஸர் என்னும் பொறி வெளிக்காற்றை உள்ளிழுத்து அமுக்கி, வண்டியின் அடியிற் கட்டப்பெற்ற இரும்புத் தொட்டிகளில் நிரப்புகின்றது. காரின் டயரில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோ அளவில் அமுக்கம் இருக்குமாயின், இத்தொட்டிகளில் எட்டுக் கிலோ அளவு இருக்கும். ஓட்டுநர் காலால் மிதிக்கும்போது அக்காற்று குழாய்களின் வழியே விரைந்து, சக்கரத்தருகே பூஸ்டர் எனப் பட்டறையார் வழங்கும் வட்டப் பேழையுட் புகுந்து, அங்குள்ள ரப்பர்த் தகட்டைத் தள்ளும். தகடு தண்டினைத் தள்ளும். பிரேக்குக் கட்டைகள் சக்கரத்தின் உட்புறத்தை இறுகப் பற்றும். காலை எடுத்தவுடன் அக்காற்று வெளியேறும் ஓசையே தெருவில் நாம் கேட்கும் 'புஸ்' என்னும் ஓசை.

பின்சக்கரத்துப் பூஸ்டர் மட்டும் ஈரறை உடையது. ஓரறை கால் பிரேக்குக்கு உரியது. மற்றோர் அறையில் வலிய சுருள்வில் ஒன்று அடங்கிக் கிடக்கும். அவ்வில் எப்பொழுதும் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கவே முயலும். அதனை விரியவொட்டாது அடக்கி வைப்பது காற்று. கைப்பிரேக்கு இடுதல் என்பது அவ்வறையின் காற்றை வெளியே விட்டு வில்லை விரிய விடுதலேயாம். காற்று இறங்கிய லாரிக்குப் பிரேக்கு இராது என்று பலர் அஞ்சுவர். பின்சக்கரங்களைப் பொறுத்தவரை உண்மை அதற்கு மாறானது. காற்று இறங்கினால் லாரி நகராது. இவ்விரண்டு அறைகளுக்கும் இடையேயுள்ள சுவரில், தண்டு ஊடுருவிச் செல்லும் இடத்தில், ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. அவ்வளையம் இருக்கும் இடத்தை மட்டும் அன்பர்கள் நினைவில் வைப்பார்களாக.

காற்றின் குறைவே பிரேக்கைப் பிடிக்கச் செய்யவேண்டும் என்னும் இக்கருத்து லாரிக்கு முன்னரே புகைவண்டிக்கு வந்தது. அமெரிக்கராகிய ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ஆம் ஆண்டில் புகைவண்டிக்குக் காற்றுப் பிரேக்கு அமைத்தார். அம்முதல் அமைப்பிற் காற்றை அனுப்பினாற் பிரேக்கு பிடிக்கும். குழாய் அறுந்தாலோ பிரேக்கே இல்லை. 1872-இல் அவரே அதனைத் தலைகீழாக்கினார். குழாயிற் காற்று நிறைந்திருக்குமளவும் சக்கரம் உருளும், குழாய் அறுந்தாற் பெட்டிகள் யாவும் தாமே நிற்கும். நம் நாட்டிற் சென்னையை அடுத்த பாடியில், 1962-ஆம் ஆண்டிற் றொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்குரிய காற்றுப் பிரேக்குகளைச் செய்யலாயிற்று. தந்தையார் இவ்வரலாற்றை அறியார். அவர் அறிந்தது, "காற்று இருந்தாற் போகும், இல்லாவிட்டால் நிற்கும், நிற்பது நல்லது" என்பதே.

நிற்க. 2025-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் திங்கட்கிழமை சித்திரைப் பௌர்ணமி. திருவண்ணாமலையில் அந்நாளின் கூட்டம் எத்தகையது என்பதைக் கண்டவரே அறிவர். மலையைச் சுற்றியுள்ள பதினான்கு கிலோமீட்டர்ப் பாதையிற் காலணியின்றி நடக்கும் மக்கள் முதல்நாள் இரவே பெருகிவிடுவர். பாரவண்டிகள் ஊருக்குள் நுழைய இடமிராது. எனவே, செங்கத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் நவரைப் பட்டத்து நெல்லை ஏற்றி ஆரணி ஆலையொன்றிற்குத் திங்கள் காலையிற் கொண்டு சேர்க்கவேண்டிய தந்தையார், ஞாயிறு பகலிலேயே ஊரைக் கடந்துவிட எண்ணினார். ஆராதனைக்குச் செல்லாது லோடுக்குச் செல்வதை எம் அன்னையார் விரும்பவில்லை. "கர்த்தருக்கு உங்கள் லாரியின் கணக்கு தெரியும், உங்களுக்குத்தான் அவருடைய கணக்கு தெரியவில்லை" என்று கூறிக்கொண்டே கட்டுச்சோறு கட்டித் தந்தார். கிளீனர் இல்லாமையின் யாம் உடன் சென்றோம். ஐந்தாண்டு தந்தையாருடன் இருந்த கிளீனர், அவ்வாண்டுத் தொடக்கத்திற் செய்யாற்றிலுள்ள காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாதச் சம்பளமும் ஞாயிறு விடுமுறையும் உள்ள வேலை. அவரைக் குறை கூறுதற்கில்லை. ஆயினும் அவர் போனதால் தந்தையார் இழந்தது யாது என்பதை அன்று பகல் வரையில் யாம் உணர்ந்திலேம்.

லாரி பழையது, இரண்டாம் கையாக வாங்கியது, கடன் இன்னும் தீரவில்லை. இரண்டு மாதங்களாகவே அதிற் காற்று நில்லாதிருந்தது. 'காற்று இறங்குகிறது' என்பது பட்டறையார் வழக்கு. காய்ச்சலும் இறங்கும், வெள்ளமும் இறங்கும், காற்றும் இறங்கும். எம்மனோர் ஏட்டிற் 'கசிவு' என எழுதுவோம். ஆனாற் கசிதல் என்னும் சொல் கண்ணீரையும் அன்பையும் நினைப்பிப்பதாகலின், எட்டுக் கிலோ அமுக்கத்திற் சீறும் காற்றுக்கு அது பொருந்துமாறு இல்லை. இறங்குதல் என்பதே நன்று. இவ்விறக்கத்தை நிறுத்துதற்பொருட்டு இரண்டு இடங்களில் வேலை செய்தாயிற்று. இரண்டிடத்தும் ரிலே வால்வு என்னும் உறுப்பையே மாற்றினர். அஃது ஓட்டுநரின் மிதியை அறிந்து பின்சக்கரங்களுக்குக் காற்றைப் பங்கிடும் கருவி. அதன் அடியிற் காற்று வெளியேறுதற்கு ஒரு வாய் உண்டு. அவ்வாயினின்றே ஓசை எழுந்தமையின் அதனையே மாற்றினர். ஓசை சின்னாள் அடங்கினாற்போலத் தோன்றிப் பின்னும் எழுந்தது. பணமோ திரும்பவில்லை.

செங்கத்திலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். வரும் வழியில் மீட்டரின் முள் ஏழுக்கு மேல் ஏறவில்லை, பின்னர் ஆறு, பின்னர் ஐந்து. மலை நன்கு தெரியத் தொடங்கிய இடத்திற் சிவப்பு விளக்கு எரிந்தது. அதனுடன் எச்சரிக்கும் ஓசையும் கீச்சென்று எழுந்தது. "அப்பா, மணி அடிக்கிறதே" என்றோம். "தெரியும், விளக்கு எரிகிறது" என்றார். அவ்விடையில் உள்ள வேறுபாட்டை யாம் அப்பொழுது கவனிக்கவில்லை. செங்கம் சாலையினின்று கிரிவலப் பாதை பிரியும் இடத்திற்குச் சிறிது முன்னதாக, பின்சக்கரங்கள் இழுக்கத் தொடங்கின. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. தந்தையார் வண்டியை ஓரத்திற் சேர்த்தார். அதற்குமேல் அது நகரவில்லை. மணி பதினொன்று.

காவலர் ஒருவர் வந்தார். நல்லவர், வெயிலில் நின்று களைத்திருந்தார். "பெரியவரே, மாலை ஐந்து மணிக்குள் இது இங்கே இருக்கக்கூடாது. ஐந்துக்குமேல் எனக்குமே இங்கு நிற்க இடமிராது" என்றார். அவர் கூறியது உண்மை. அப்பொழுதே தலையில் ஈரத்துணி இட்ட முதியோர் சிலர் வெயிலைப் பொருட்படுத்தாது நடந்துகொண்டிருந்தனர். சாலையோரத்தில் நீர்மோர்ப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மூட்டைகளை வேறு லாரிக்கு மாற்றுவதாயின் ஆட்கூலியும் வாடகையும் அந்நடையின் வருவாயை விழுங்கிவிடும்.

தந்தையார் தொலைபேசியில் அழைத்த மேஸ்திரி, ஊருக்குள்ளிருந்து இருசக்கர வண்டியில் அரைமணி நேரத்தில் வந்து சேர்ந்தார். பதினைந்தாண்டாகத் தந்தையாரை 'அண்ணே' என்று அழைப்பவர். முன்னர் வேலை செய்த இருவரில் இவர் ஒருவர் அல்லர். சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டை இட்டார். இஞ்சினை வேகமாக ஓடவிட்டு, ஏறுமளவு காற்றை ஏற்றச் செய்தார். கைப்பிரேக்கை எடுக்கச் சொல்லிவிட்டு அடியிற் புகுந்து செவிகொடுத்தார். கேட்டற்குச் சிரமமே இல்லை. சாலையில் நின்ற எமக்கும் நன்றாகக் கேட்டது. நாகம் சீறுவது போன்ற ஓசை, வண்டியின் நடுவினின்று. மேஸ்திரி சோப்பு நுரையைத் தூரிகையாற் குழாய் இணைப்புகளிலும் தொட்டிகளின் அடியிலும் பூசினார். எங்கும் குமிழி இல்லை. ரிலே வால்வின் வாயிற் பூசிய நுரை மட்டும் நில்லாமற் பறந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "ரிலே வால்வுதான் அண்ணே. மட்டமான சாமானைப் போட்டிருக்கிறார்கள். கேளுங்கள், எப்படிச் சீறுகிறது" என்றார்.

தந்தையார் குனிந்தார். "ஆமாம், ஆமாம்" என்றார். ஆனால் அவர் முகம் ரிலே வால்வின் பக்கம் திரும்பவில்லை. ஏர் டேங்கின் பக்கம் திரும்பியிருந்தது. பின்னர் மேஸ்திரியின் விரல் காட்டிய திசையைப் பார்த்துவிட்டு, அவ்விடத்திற்குக் கையை நீட்டிக் காற்றை உள்ளங்கையில் ஏற்றுப் பார்த்தார். அதன் பின்னரே தலையசைத்தார்.

அப்பொழுது யாம் ஒன்றும் கூறவில்லை. ஏனெனில் அடுத்து அவர் கூறியது எம்மை வியப்பில் ஆழ்த்திவிட்டது. "ரிலே வால்வு இல்லை மேஸ்திரி. இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. நான் ஒரு மாதமாக மீட்டரைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். டீக்கடையிற் கைப்பிரேக்குப் போட்டு இஞ்சினை நிறுத்தினால், அரைமணி ஆனாலும் முள் அசைவதில்லை. கேட்டிலோ நெரிசலிலோ கைப்பிரேக்கை எடுத்துவிட்டு நிறுத்தினால், கண்ணெதிரே இறங்குகிறது. ரிலே வால்வு கெட்டிருந்தாற் கைப்பிரேக்குப் போட்டாலும் இறங்கவேண்டுமே?" என்றார்.

மேஸ்திரி சிறிதுபொழுது பேசாதிருந்தார். பின்னர், "போடுங்கள் பார்ப்போம்" என்று சொல்லி மறுபடியும் அடியிற் புகுந்தார். தந்தையார் கைப்பிரேக்கை இட்டார். சீற்றம் உடனே நின்றது, கத்தரித்தாற்போல நின்றது. முள் மெல்ல ஏறத் தொடங்கிற்று. எடுத்தார், சீறிற்று, முள் இறங்கிற்று. மூன்று முறை இவ்வாறு செய்தனர். நான்காம் முறை மேஸ்திரி கைப்பிரேக்கு இட்டபடியே கால் பிரேக்கை மிதிக்கச் சொன்னார்; இம்முறை காற்று கைப்பிரேக்கின் வாய்வழியே வெளியேறிற்று. அடியிலிருந்து சிரிப்பொலி கேட்டது. "அண்ணே, பூஸ்டர்! உள் வளையம் போய்விட்டது" என்றார்.

அன்பர்கள் நினைவில் வைத்த அவ்வளையமே அது. ஈரறைக்கும் நடுவிலுள்ள அவ்வளையம் தேய்ந்துவிடின், சுருள்வில்லை அடக்கும் அறையின் காற்று கால் பிரேக்கின் அறைக்குட் கசியும். அங்கு நிற்க இடமின்றிக் குழாய்வழியே பின்னோக்கி வந்து, ரிலே வால்வின் வாயாற் போகும். கேடு சக்கரத்தருகே, ஓசையோ ஆறடிக்கு அப்பால், நடுவில். காதை நம்பியவர் யாவரும் ஓசை எழுந்த இடத்தையே மாற்றினர். கைப்பிரேக்கு இட்டவுடன் வில்லறையிற் காற்றே இராது, காற்றில்லாத அறையினின்று கசிவதற்கு ஒன்றுமில்லை, ஆதலின் நின்றது. ரிலே வால்வோ எப்பொழுதும் தொட்டிக் காற்றைத் தாங்கி நிற்பது. அதில் ஓட்டை இருந்திருப்பின் கைப்பிரேக்கு அதற்கு ஒரு பொருட்டன்று. இவ்வளவும் மீட்டரின் முள்ளினின்று தந்தையார் அறிந்தவை. முன்னர் வேலை செய்தவர்களிடமும் சொல்லியிருக்கிறார். ஓசை அங்கேதானே வருகிறது என்று அவர்கள் நகைத்தார்களாம்.

எப்பக்கத்துப் பூஸ்டர் என்பதை அறிய, மேஸ்திரி இரண்டு பின்சக்கரங்களின் கால் பிரேக்குக் குழாய்களையும் கழற்றிவிட்டு, கைப்பிரேக்கை எடுக்கச் சொன்னார். தந்தையார் எம்மை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்திவிட்டுத் தாமே இறங்கினார். ஒவ்வொரு பூஸ்டரின் வாயெதிரேயும் ஒரு வைக்கோல் துரும்பைப் பிடித்தார். வலப்பக்கத்தில் துரும்பு அசையவில்லை. இடப்பக்கத்தில் அது வளைந்து பறந்தோடிற்று. மேஸ்திரியோ சாலைக்கு அப்பால் நின்றுகொண்டே, "இடப்பக்கம்" என்று அதற்கு முன்னரே கூவிவிட்டார். அவர் காதுக்குத் துரும்பு தேவைப்படவில்லை. துரும்பு தேவைப்பட்டவரை யாம் இருக்கையிலிருந்து சன்னல்வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்நொடியிலேதான் எமக்கு விளங்கிற்று.

வீட்டிற் கைப்பேசி ஒலிக்கையில் அன்னையார் கூவும்வரை அவர் எழாமை. 'பஸ்' என்றோ 'பாஸ்' என்றோ கூறினால் மீண்டும் கூறச் சொல்லுதல். ஐந்தாண்டாகக் கிளீனரைக் கேட்டே, "காற்றுப் போகிறதா பார்" என்று ஒவ்வொரு காலையும் வினவியது. யாம் சிறுவராயிருந்தபோது முற்றத்துக் குருவிகளின் ஓசையை எள்ளி அவற்றோடு தாமும் கீச்சிட்டவர், இப்பொழுது அவற்றைக் குறித்து ஒன்றும் கூறாமை. சோப்பு நுரையும் உள்ளங்கையும் கொண்டு அவர் வண்டியைத் தடவிப் பார்ப்பதை அவருடைய பொறுப்பின் அடையாளம் என்று யாம் கல்லூரித் தோழரிடம் பெருமை பேசியது — யாவும் வரிசையாக எம் நினைவுக்கு வந்தன. இருபத்தெட்டு ஆண்டுகள் இஞ்சினின் பக்கத்திலே அமர்ந்திருந்தவர். பேரோசை செவியைக் கெடுக்கும்போது முதலிற் போவது மெல்லிய உச்ச ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் என்பதைப் பின்னர் மருத்துவரிடம் அறிந்தோம். மனிதர் பேச்சின் பெரும்பகுதி கேட்கும், இஞ்சின் கேட்கும், ஹாரன் கேட்கும். காற்றின் சீற்றமும், குருவியும், எச்சரிக்கைக் கீச்சொலியும் கேளா.

புதிய பூஸ்டர் வாங்குவது எளிதாயிருக்கவில்லை. ஞாயிறு, உதிரிச் சாமான் கடைகள் மூடியிருந்தன. மேஸ்திரி கடைக்காரர் ஒருவரை வீட்டிற் கண்டு, கதவைத் திறக்கச் செய்து, இருசக்கர வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தபோது மணி இரண்டரை. வந்தவர், "அண்ணே, இது அக்கினித் தலம், நீங்கள் இங்கே வந்து காற்றுக்கு முட்டிக்கொண்டால் நடக்குமா? காற்றுக்குக் காளத்திக்கல்லவா போகவேண்டும்! போகட்டும், கிரிவலப் பாதையில் வாயு லிங்கம் இருக்கிறது; தம்பியை விட்டு ஒரு கற்பூரம் ஏற்றச் சொல்லுங்கள்" என்றார். "தம்பி ஏற்றமாட்டான், நீர் என் பங்குக்கு ஏற்றிவிடும், காசு தருகிறேன்" என்றார் தந்தையார். இருவரும் நகைத்தனர். இந்நகைச்சுவை இருவருக்கும் பழையது.

வேலையில் ஒரு பகுதியை மேஸ்திரி எம்மைத் தொடவிடவில்லை. பழைய பூஸ்டரைக் கழற்றுமுன், அதன் பின்புறத்தில் நீண்ட போல்ட்டு ஒன்றைச் செலுத்தித் திருகி, உள்ளிருக்கும் சுருள்வில்லைச் சுருக்கிக் கட்டவேண்டும். கட்டாது அவ்வறையைத் திறந்தால், வில் மூடியோடு பாய்ந்து எதிரில் இருப்பவரைக் கொன்றுவிடும். வில்லறையைப் பட்டறையிற் பிரித்துப் பழுது பார்க்க முயல்வோரும் உளராம். அறிந்தவர் அதைப் பிரியாமற் பூஸ்டரை முழுதும் மாற்றிவிடுவர். வில்லைக் கட்டிய பின்னர் இரண்டு குழாய்கள், இரண்டு நட்டுகள், தண்டின் நுனியில் ஒரு பின், அவ்வளவே. புதியதைப் பொருத்தித் தண்டின் தொலைவைச் சரிசெய்து, போல்ட்டைத் தளர்த்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மோர்ப் பந்தலார் இரண்டு முறை மோர் கொண்டுவந்து தந்தனர். கிரீஸ் படிந்த கையாற் பிடிக்க இயலாமையின், அவர்களில் ஒரு மூதாட்டி மேஸ்திரியின் வாயிலும் எம் வாயிலும் தாமே ஊற்றினார்.

பின்னர்ச் சோதனை. மீட்டர் எட்டைத் தொட்டதும் இஞ்சினை நிறுத்தினோம். அமெரிக்க நாட்டிற் பாரவண்டி உரிமத்துக்கு வருவோர், இஞ்சினை நிறுத்திப் பிரேக்கை விட்ட நிலையில், தனி லாரிக்கு ஒரு நிமிடத்தில் இரண்டு பவுண்டு அமுக்கத்திற்கு மேலும், மிதித்த நிலையில் மூன்று பவுண்டுக்கு மேலும் இறங்கவில்லை என்று காட்டவேண்டும் என்பது விதி. மேஸ்திரியின் விதி அதனினும் கடுமையானது: ஒரு பீடி தீருமளவும் முள் அசையக்கூடாது. கட்டை இட்டபடியே கைப்பிரேக்கை எடுத்து ஒரு முறை. காலால் மிதித்தபடி ஒரு முறை. தந்தையார் மிதித்துக்கொண்டு முள்ளை நோக்கியிருந்தார். யாம் அடியிற் கிடந்து செவிகொடுத்தோம். மேலே சாலையில் வெறுங்காலடிகளின் ஓசை பெருகிக்கொண்டிருந்தது. யாரோ 'அரோகரா' என்றனர். வண்டியினின்று ஒன்றும் கேட்கவில்லை.

"தம்பி, சத்தம் வருகிறதா?" என்று மேலேயிருந்து வினவினார் தந்தையார். இல்லை என்றோம். "நன்றாகக் கேள்" என்றார். கேட்டோம். அவ்வளவு கவனமாக எந்த விரிவுரையையும் யாம் கேட்டதில்லை. நான்கரை மணிக்கு லாரி நகர்ந்தது. காவலர் கையசைத்தார்.

ஆரணியை அடையும்போது இருட்டிவிட்டது. ஆலையின் வெளியே வரிசையில் நிறுத்திவிட்டு, அன்னையார் தந்த கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். எவ்வாறு தொடங்குவது என எமக்குத் தெரியவில்லை. ஒன்றும் தொடங்கவேண்டியிருக்கவில்லை. "நீ துரும்பைப் பார்த்தாய்" என்றார். நான்காண்டாகத் தமக்குத் தெரியும் என்றும், வலக்காது மோசம், இடக்காது சற்று நன்று என்றும் கூறினார். கிளீனர் இருந்தவரை குறையே தோன்றவில்லையாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திற்குப் பின் வணிக வண்டி ஓட்டுநர் உரிமம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகின்றது. அதற்குரிய மருத்துவச் சான்றுப் படிவத்தில் செவியைக் குறித்தும் ஒரு வினா உண்டு. சாதாரண ஒலிக் குறிப்புகளைக் கேட்க இயலாத அளவு செவிட்டுத்தன்மை உளதா என்று வினவுகின்றது. "ஹாரன் எனக்குக் கேட்கிறது. அப்படியானால் இல்லை என்று எழுதலாமா, உண்டு என்று எழுதவேண்டுமா? நீ தமிழ் படிக்கிறாய், சொல்" என்றார்.

யாம் விடை கூறவில்லை. தொல்காப்பியனார் எழுத்துக்களின் பிறப்பைக் கூறுமிடத்து, உந்தியினின்று எழும் காற்றே தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உற்று எழுத்தாகும் என்பர். தேர்வுக்காக அவ்வியலை நெட்டுருச் செய்திருக்கிறோம். அக்காற்று மற்றொருவர் செவியை அடையாதபோது யாதாகும் என்பது அவ்வியலில் இல்லை. பிரேக்குடைய பத்து டன் பாரத்தின் ஓட்டுநர் எதைக் கேட்கவேண்டும், எதைக் கேளாதிருக்கலாம் என்பதும் இல்லை. பொய் எழுதவேண்டாம் என்று மட்டும் கூறினோம். அதைக் கூறுவது எமக்கு எளிது. உரிமம் எம்முடையது அன்று. "எழுதமாட்டேன், ஆனால் முதலில் உண்மை எது என்று தெரியவேண்டும்" என்றார். அன்னையாரிடம் தாமே கூறுவதாகவும் சொன்னார். கூற மூன்று வாரம் ஆயிற்று.

சூன் மாதத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவருடன் சென்றோம். ஒலி புகாத சிற்றறை, கண்ணாடிச் சன்னல், காதில் ஒலி வரும் கருவி, கையில் ஒரு பொத்தான். ஒலி கேட்டாற் பொத்தானை அமுக்கவேண்டும். முதலில் தாழ்ந்த ஒலிகள். தந்தையாரின் கட்டைவிரல் தவறாது அமுங்கிற்று. அவர் முகத்தில் தேர்வில் விடை தெரிந்த மாணவனின் மகிழ்ச்சி. பின்னர் ஒலிகள் உயர்ந்துகொண்டே போயின. விரல் பொத்தானின்மேல் அப்படியே இருந்தது. அவர் எம்மைப் பார்த்தார்; ஒலி இன்னும் வரவில்லை என்று எண்ணிக் காத்திருந்தார். கண்ணாடிக்கு இப்பால் இருந்த பெண்மணி மீண்டும் மீண்டும் ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

வெளிவந்தவுடன் கட்டம் போட்ட தாளொன்றைத் தந்தனர். இரு கோடுகள் இடப்புறத்திலிருந்து சமமாகச் சென்று, 4,000 என்று குறித்த இடத்திற் கிணற்றில் விழுவதுபோல் விழுந்திருந்தன. பேச்சும் ஹாரனும் கேட்கப் போதிய செவி உண்டு என்றும், செவிக்கருவி ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாம் என்றும், இஞ்சின் அறையருகே இனிக் காதை மூடிக்கொள்ளவேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். போன ஆற்றல் மீளாது என்பதையும் மறைக்கவில்லை. தந்தையார் அத்தாளை வெளிச்சத்தில் நெடுநேரம் நோக்கினார்; செங்கம் சாலையில் மீட்டரை நோக்கிய அதே நோக்கு. எந்த எண்ணுக்குக் கீழ் இறங்கினால் அபாயம் என்று வினவினார். மருத்துவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

உரிமம் புதுப்பிக்கும் நாள் இன்னும் வரவில்லை. தாளை மடித்து, வண்டியின் பதிவுச் சான்றும் காப்புறுதிச் சீட்டும் இருக்கும் பையிலேயே வைத்துக்கொண்டார். பேருந்து நிலையத்திற்கு நடந்து வருகையில், "வருகிற செவ்வாய் போளூரில் லோடு இருக்கிறது, நீ வருகிறாயா?" என்று வினவினார். கல்லூரி திறக்க இன்னும் எட்டு நாள் இருந்தமையின், வருவதாகக் கூறினோம்.